விரல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்

தம்பி, நீங்கள் கேட்டிருப்பது இது. வயது 41. திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்க்கிறீர்கள். ஈர்ப்பெல்லாம் ஆண்கள்மேல்தான், வீட்டாரின் வற்புறுத்தலுக்காகத் திருமணம் செய்துகொண்டு, ஒரு மகளுக்கும் ஒரு மகனுக்கும் தகப்பனாக இருக்கிறீர்கள். எச்.ஐ.வி. தொற்று தெரிந்து ஒன்பது ஆண்டுகளாகத் தவறாமல் கூட்டு மருந்து சாப்பிடுகிறீர்கள். அமெரிக்காவில் இருக்கும் நண்பர் ஆண்டுதோறும் ஆசனவாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை செய்துகொள்வதாகச் சொன்னார். அது உங்களுக்கும் தேவையா, நம் ஊரில் எங்கே செய்வார்கள், செய்தால் விஷயம் வெளியே தெரிந்துவிடுமா? இவ்வளவையும் விவரமாகக் கேட்டுவிட்டுக் கடைசி வரியில், "இரண்டு மாதமாகக் காலையில் மலம் கழிக்கும்போது லேசாக ரத்தம் தெரிகிறது, மூலச்சூடு என்று களிம்பு வாங்கிப் போடுகிறேன்" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள்.

அந்தக் கடைசி வரிக்குத்தான் முதல் பதில். உங்கள் நண்பர் செய்துகொள்வது, எந்தத் தொந்தரவும் இல்லாதவர் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளும் பரிசோதனை. உங்களுக்குத் தொந்தரவு வந்துவிட்டது. இனி அறுவைச் சிகிச்சை மருத்துவர் ஒருவர் உங்கள் ஆசனவாயைக் கண்ணால் பார்த்து, உறை போட்ட விரலை உள்ளே வைத்துத் தடவிப் பார்த்தாக வேண்டும். அதுவும் இந்த வாரத்துக்குள். பெரும்பாலும் மூலமாகவோ வெடிப்பாகவோதான் இருக்கும். ஆனால் அதை நீங்களோ மருந்துக் கடைக்காரரோ ஊகித்துச் சொல்லக் கூடாது. பார்த்தவர் சொல்ல வேண்டும்.

நான் அறுவைச் சிகிச்சை மருத்துவர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொங்கு நாட்டின் அரசு மருத்துவமனைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நம் பக்கத்தில் எந்தப் பேருந்து நிலையத்துக்குப் போனாலும் சுவரில் "மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்" என்ற விளம்பரம் கண்ணில் படும். தறியில் நாளெல்லாம் நின்றால் மூலம், லாரி ஓட்டினால் மூலம், சாயப்பட்டறைச் சூட்டுக்கு மூலம், கோழிக்கறி தின்றால் மூலம். ஆசனவாயில் எது வந்தாலும் அதற்கு நம் ஊரில் ஒரே பெயர்தான். துத்தி இலையை விளக்கெண்ணெயில் வதக்கிக் கட்டுவார்கள். கருணைக்கிழங்கு குழம்பு வைப்பார்கள். மோரில் வெந்தயம் ஊறவைத்துக் குடிப்பார்கள். இந்தப் பண்டுவங்களை நான் பழிக்கவில்லை. மூலமாக இருந்தால் கொஞ்சம் ஆறுதல் தரும். மூலம்தானா என்று ஒருவரும் பார்ப்பதில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

பல ஆண்டுகளுக்கு முன் சங்ககிரிப் பக்கத்திலிருந்து ஒரு லாரி ஓட்டுநர் வந்தார். வயது 46. "அரையில் நெறி கட்டியிருக்கிறது சார், ஒரு மாதமாகக் கரையவில்லை" என்றார். காலில் புண் ஏதும் இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. நெறி வலியில்லாமல், கல்லாக, விரலால் தள்ளினாலும் நகராமல் இருந்தது. இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆசனவாயில் விரல் வைத்தேன். முழு விரலும் உள்ளே போகவில்லை. கொட்டைப்பாக்கு அளவில், கொட்டைப்பாக்கைப் போலவே கெட்டியாக ஒரு கட்டி தட்டுப்பட்டது. விரலை எடுத்தபோது உறையில் ரத்தமும் சளியும் ஒட்டியிருந்தன. எல்லாம் சேர்ந்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அவர் எழுந்து லுங்கியைச் சரிசெய்துகொண்டு, சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் தாளில் மடித்து வைத்திருந்த பழைய சீட்டுகளை எடுத்து மேசையில் பரப்பினார். பதினான்கு மாதங்களாக மூலத்துக்கு மருந்து. மூன்று மருத்துவர்களின் சீட்டுகள். அவற்றில் ஒன்றில் இருந்த கையெழுத்து என்னுடையது. அன்று புறநோயாளிகள் வரிசை வராந்தாவைத் தாண்டி மரத்தடிவரை நின்றிருக்கும். ரத்தம் வருகிறது என்று சொன்னவருக்குக் களிம்பு எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். படுக்கச் சொல்லவில்லை.

சதை எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் உறுதியானது. ரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. இருப்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஆண்களுடனும் உறவு உண்டு என்பதைக் கதிர்வீச்சுச் சிகிச்சை தொடங்கிய பிறகு ஒருநாள், வார்டில் பக்கத்துக் கட்டில் காலியாக இருந்த நேரம் பார்த்துச் சொன்னார். இரண்டரை ஆண்டு இருந்தார். அவருக்குப் பிறகு, ஆசனவாயில் ரத்தம் என்று வந்த எவரையும் விரல் வைத்துப் பார்க்காமல் நான் அனுப்பியதில்லை. உள்மூலம் மெத்தென்று அமுங்கிவிடும், பெரும்பாலும் விரலுக்குப் பிடிபடாது. விரலுக்குக் கெட்டியாகத் தட்டுப்படுவதை மூலம் என்று சொல்லி முடிக்க முடியாது. இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க எந்த இயந்திரமும் வேண்டாம்.

இனி உங்கள் மற்றக் கேள்விகள். இந்தப் புற்றுநோய் சூட்டினாலோ காரத்தினாலோ வருவதில்லை. ஆசனவாய்ப் புற்றுநோய் வந்தவர்களில் ஏறக்குறைய 10-க்கு 9 பேரிடம் எச்.பி.வி. என்ற வைரஸ்தான் காரணம். பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் அதே வைரஸ். அதிலும் 16-ஆம் வகைதான் பெரும் பகையாளி. கருப்பைவாய்க்கும் ஆசனவாய்க்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டிலும் இரு வேறு விதமான தோல்கள் ஒரு கோட்டில் வந்து சேர்கின்றன. இரண்டு காடுகள் சேரும் வரப்பில்தான் களை முதலில் வேர்பிடிக்கும் என்பது நம் வீடுகளில் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எச்.பி.வி.யும் அந்தக் கோட்டில்தான் குடியேறுகிறது. அங்குள்ள செல்கள் பல ஆண்டுகள் மெல்ல மெல்ல மாறி, புற்றுநோய்க்கு முந்தைய நிலைக்கு வந்து, சிலருக்கு மட்டும் புற்றுநோயாகின்றன.

இதில் அசிங்கப்பட ஒன்றும் இல்லை. உடலுறவு வைத்துக்கொள்ளும் மனிதர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது எச்.பி.வி. தொற்றுகிறது, ஆணா பெண்ணா, யார்மேல் ஈர்ப்பு என்பதையெல்லாம் அது பார்ப்பதில்லை. பெரும்பாலோருடைய உடல் ஓரிரு ஆண்டுகளில் தானே அதை அடக்கிவிடுகிறது. எச்.ஐ.வி. உள்ளவர்களின் உடலுக்கு அந்தச் சக்தி குறைவு என்பதால் தொற்று தங்கிவிடுகிறது. மருந்து சாப்பிட்டு வைரஸ் அளவு அடங்கியிருந்தாலும், எப்போதோ ஒரு காலத்தில் சி.டி.4 என்ற நோய் எதிர்ப்புச் செல்களின் எண்ணிக்கை மிகக் கீழே போயிருந்தால் அதன் பாதிப்பு பின்னாலேயே வரும். வேலூரிலும் மும்பையிலும், எச்.ஐ.வி. உள்ள, ஆண்களோடு உறவு வைத்திருக்கும் ஆண்களிடம் நடந்த ஓர் ஆய்வில் 10 பேரில் 9 பேருக்கும் மேல் ஆசனவாயில் எச்.பி.வி. இருந்தது. ஆணுறை தொற்றைக் குறைக்கும், முழுவதும் தடுக்காது. தோலோடு தோல் உரசினாலே பரவக்கூடிய வைரஸ் இது. ஆசனவாய் வழி உறவே இல்லாதவர்களுக்கும் அங்கே தொற்று வருவதுண்டு.

எண்களையும் சொல்லிவிடுகிறேன்; இருட்டில் பயப்படுவதைவிட எண்ணைப் பார்த்துக் கவலைப்படுவது நல்லது. உலகின் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2021-ல் வெளிவந்த கணக்கு இது. பொதுமக்களில் ஒரு லட்சம் பேரை ஓர் ஆண்டு பார்த்தால் ஒருவருக்கோ இருவருக்கோ இந்தப் புற்றுநோய் வருகிறது. எச்.ஐ.வி. இல்லாத, ஆண்களோடு உறவு வைத்திருக்கும் ஆண்கள் ஒரு லட்சம் பேரில் 19 பேர். எச்.ஐ.வி.யும் இருந்தால் 85 பேர். வயது ஏற ஏற இந்த எண்ணும் ஏறுகிறது. உங்களைப் போன்ற நூறு பேரைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தால் அவர்களில் ஒருவருக்கு வரக்கூடும் என்பது இதன் பொருள். தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டிய எண் அல்ல. ஆண்டுக்கு ஒரு காலைப்பொழுதை ஒதுக்க வேண்டிய எண்.

முன்கூட்டியே பார்ப்பதால் உண்மையில் பலன் உண்டா என்று நெடுங்காலம் மருத்துவர்களுக்குள்ளேயே சந்தேகம் இருந்தது. கருப்பைவாயில் பலன் தந்தது இங்கும் தரும் என்று நம்பினார்களே தவிர, கையில் ஆதாரம் இல்லை. அமெரிக்காவில் ஆங்கர் என்ற பெயரில் நடந்த பெரிய ஆய்வு 2022 ஜூனில் வெளிவந்த பிறகுதான் அந்தச் சந்தேகம் தீர்ந்தது. எச்.ஐ.வி. உள்ள, 35 வயதைக் கடந்த, புற்றுநோய்க்கு முந்தைய நிலை கண்டறியப்பட்ட 4,400-க்கும் மேற்பட்டோரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்கு அந்தத் திட்டுகளைச் சுட்டு நீக்கினார்கள், அல்லது களிம்பால் கரைத்தார்கள். மற்றவர்களைச் சிகிச்சை செய்யாமல் கண்காணித்தார்கள். சிகிச்சை பெற்ற பிரிவில் 9 பேருக்கும் கண்காணிக்கப்பட்ட பிரிவில் 21 பேருக்கும் புற்றுநோய் வந்தது. பாதிக்கும் மேல் குறைந்துவிட்டது. பலன் இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகு ஒரு பிரிவினரைச் சும்மா வைத்திருப்பது முறையாகாது என்று ஆய்வையே முன்னதாக நிறுத்தி, எல்லோருக்கும் சிகிச்சை தந்தார்கள். அதே ஆய்வில் இன்னொன்றையும் கவனியுங்கள்: முந்தைய நிலை இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்குச் சிகிச்சை இல்லாமலேயே புற்றுநோய் வரவில்லை. ஆகவே அறிக்கையில் அப்படி ஒன்று எழுதியிருந்தால் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதை வைத்து 2024-ல் இத்துறையின் சர்வதேசச் சங்கம் வழிகாட்டுதல் வெளியிட்டது. எச்.ஐ.வி. உள்ள, ஆண்களோடு உறவு வைத்திருக்கும் ஆண்களும் திருநங்கையரும் 35 வயதிலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். எச்.ஐ.வி. இல்லாவிட்டால் 45 வயதிலிருந்து. எச்.ஐ.வி. உள்ள மற்றவர்களுக்கும் 45. சிறுநீரகம் போன்ற உறுப்பு மாற்றிக்கொண்டவர்களுக்கு அதிலிருந்து பத்து ஆண்டு கழித்து. உங்களுக்கு 35 கடந்து ஆறு ஆண்டாகிறது. ரத்தமே வராமல் இருந்திருந்தாலும், ஆம், உங்களுக்குத் தேவை என்றுதான் எழுதியிருப்பேன்.

இங்கேதான் நம் நிலைமையை உள்ளபடி பேச வேண்டும். உங்கள் நண்பருக்கு அங்கே நடப்பது இரண்டு கட்டம். ஈரப்படுத்திய பஞ்சுக் குச்சியை ஆசனவாயில் சில அங்குலம் செலுத்திச் சுழற்றி எடுத்து, செல்களையும் எச்.பி.வி.யையும் பார்ப்பார்கள். அதில் கோளாறு தெரிந்தால், உயர்திறன் ஆனோஸ்கோப்பி என்ற பரிசோதனை: சிறு குழாய் வைத்து, நீர்த்த அசெட்டிக் அமிலத்தை, அதாவது ஏறக்குறைய வினிகரை, தடவினால் கெட்ட திட்டு வெளுத்துத் தெரியும், உருப்பெருக்கிக் கருவியால் பார்த்து அங்கிருந்து மட்டும் சதை எடுப்பார்கள். அந்த உருப்பெருக்கி வேறொன்றுமில்லை, மகப்பேறு மருத்துவர்கள் கருப்பைவாயைப் பார்க்க வைத்திருக்கும் கால்போஸ்கோப்தான். நம் அரசு மருத்துவக் கல்லூரிகளின் மகளிர் பிரிவுகளில் இருப்பதுதான். கருவி இருக்கிறது, அதைக் கொண்டு ஆசனவாயைப் பார்த்துப் பழகிய கைகள் நம் நாட்டில் மிகக் குறைவு. கைதேர்ந்தவராக ஒருவர் தேற நூற்றுக்கணக்கானவர்களைப் பார்த்திருக்க வேண்டும்.

ஆகையால் என் கருத்தைக் கேட்டால், தனியார் ஆய்வுக்கூடத்தில் பணம் கட்டி வெறும் பஞ்சுக் குச்சிப் பரிசோதனையை மட்டும் செய்துகொள்ளாதீர்கள். உங்களைப் போன்றவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அதில் ஏதாவது ஒரு கோளாறு வரும். அடுத்த கட்டத்துக்குப் போக இடமில்லாமல் அந்தத் தாளை வைத்துக்கொண்டு இரவெல்லாம் விழித்திருப்பீர்கள். இரண்டாம் கட்டம் இல்லாத இடத்தில் முதல் கட்டத்தைச் செய்ய வேண்டாம், ஆண்டுக்கு ஒருமுறை விரல் பரிசோதனை செய்யுங்கள் என்றுதான் அமெரிக்க அரசின் எச்.ஐ.வி. சிகிச்சை வழிகாட்டுதலும் சொல்கிறது. விரல் பரிசோதனை முந்தைய நிலையைக் கண்டுபிடிக்காது. அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் கட்டி மிளகு அளவிலோ பட்டாணி அளவிலோ இருக்கும்போதே பிடித்துவிடும். கொட்டைப்பாக்கு அளவுக்கு வளர்ந்து அரையில் நெறி கட்டிய பிறகு பிடிப்பதற்கும் இதற்கும் இடையில் இருப்பது ஓர் உயிர்.

ஈரோடு மாவட்டத்தில் 2023-ல் அரசு வீடு வீடாக அழைப்பு விடுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனை தொடங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்றையும் பார்த்தார்கள். நல்ல வேலை. அந்தப் பட்டியலில் ஆசனவாய் இல்லை. மக்கள்தொகை முழுவதற்கும் அது தேவையும் இல்லை. ஆனால் கூட்டு மருந்து மையங்களில் மருந்து வாங்கப் போகும்போது எடை பார்க்கிறார்கள், காசநோய் அறிகுறி கேட்கிறார்கள். அதே இடத்தில், "ஆசனவாயில் ரத்தம், கட்டி, அரிப்பு ஏதும் உண்டா?" என்று ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்க ஒரு காசு செலவில்லை. 1990-களில் லாரித் தொழிலால் நாமக்கல் பெயர் எச்.ஐ.வி.யோடு சேர்த்துப் பேசப்பட்ட காலத்தை நான் பார்த்தவன். 2004-ல் அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியது. அன்று முப்பது வயதில் செத்துப்போவோம் என்று நினைத்தவர்கள் இன்று ஐம்பதைக் கடந்து பேரன் எடுத்திருக்கிறார்கள். எச்.ஐ.வி.யிலிருந்து காப்பாற்றியவர்களைப் புற்றுநோய்க்கு விட்டுவிடக் கூடாது.

இனி, அந்த அறைக்குள் என்ன நடக்கும் என்பதைச் சொல்கிறேன். தெரியாததால்தான் பாதிப் பயம். அரசு மருத்துவமனை என்றால் காலையில் புறநோயாளிச் சீட்டு வாங்கி அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். திருப்பூர், பெருந்துறை, கோவை, நாமக்கல், எங்கே வேண்டுமானாலும். எல்லாமே மருத்துவக் கல்லூரிகள். பேதி மருந்து வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம், காலையில் வெளிக்குப் போய்விட்டு வந்தால் போதும். திரைக்குப் பின்னால் இடப்பக்கமாகப் படுத்து முழங்கால்களை வயிற்றை நோக்கி மடக்கச் சொல்வார்கள். கால்சட்டையைத் தொடைவரை இறக்கினால் போதும். முதலில் வெளித்தோலைப் பிரித்துப் பார்ப்பார்கள்: மரு, வெடிப்பு, புண், நிறம் மாறிய திட்டு. பிறகு உறையில் வழவழப்பான ஜெல் தடவி, ஆட்காட்டி விரலை ஆசனவாயின் மேல் சற்று நேரம் சும்மா வைத்திருப்பார்கள். நல்ல மருத்துவர் அவசரப்பட மாட்டார். தசை தானே தளரும். லேசாக முக்கச் சொல்வார்கள், விரல் உள்ளே போகும், சுற்றிலும் முழு வட்டமாகத் தடவுவார்கள். வெளிக்குப் போக வேண்டும் போல இருக்கும், போகமாட்டீர்கள். தேவையானால் புரோக்டோஸ்கோப் என்ற சிறு குழாயை வைத்து விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பார்கள். கடைசியாக இரண்டு பக்க அரையையும் தொட்டு நெறி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மொத்தம் ஐந்து நிமிடம். வலி தாங்க முடியாமல் இருந்தால் அதுவே ஒரு சேதி, வாய்விட்டுச் சொல்லுங்கள்.

சந்தேகமான திட்டோ கட்டியோ தெரிந்தால் ஒரு துணுக்குச் சதை எடுப்பார்கள். சிபிலிஸ் புண்ணும் ஹெர்பிஸ் புண்ணும் ஆசனவாயில் ரத்தம் வரவைக்கும் என்பதால் அவற்றுக்கும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். மருத்துவமனையின் சுகவாழ்வு மையத்தில், அதாவது பால்வினை நோய்ப் பிரிவில், அது இலவசம். ஆசனவாயில் ஒன்றுமில்லை, ரத்தம் மட்டும் நிற்கவில்லை என்றால் பெருங்குடலைக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும். 41 வயதில் அதைத் தள்ளிப்போடக் கூடாது.

மருத்துவரிடம் என்ன சொல்வது என்று தயங்குவீர்கள். என் விருப்பம், "எனக்கு ஆண்களோடு உறவு உண்டு, எச்.ஐ.வி.க்கு மருந்து சாப்பிடுகிறேன், இரண்டு மாதமாக ரத்தம் வருகிறது, விரல் வைத்துப் பாருங்கள்" என்று நேராகச் சொல்லிவிடுவதுதான். முதல் பகுதி வாயில் வரவில்லையா, விட்டுவிடுங்கள். எச்.ஐ.வி.யும் ரத்தமும் போதும். அந்த இரண்டையும் கேட்ட பிறகு பார்க்காமல் அனுப்ப எந்த மருத்துவருக்கும் நியாயம் இல்லை. அப்படியும் பார்க்காமல் மருந்து எழுதினால் சீட்டை வாங்கிக்கொண்டு அடுத்த மருத்துவரிடம் போங்கள். சிலர் புத்திமதி சொல்லத் தொடங்குவார்கள். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, வயது வந்த இருவர் மனமொப்பி வைத்துக்கொள்ளும் உறவு குற்றமில்லை. ஈர்ப்பை மாற்றுகிறேன் என்று சிகிச்சை செய்வது தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் அறிவித்துவிட்டது. நீங்கள் வாதாட வேண்டியதில்லை. தெரிந்து வைத்திருந்தால் முதுகு நிமிரும்.

வெளியே தெரிந்துவிடுமா என்ற பயத்தை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. நம் பக்கம் எந்த மருத்துவமனையில் போய் நின்றாலும் ஒரு பங்காளியோ மாமன் மச்சானோ எதிரே வந்து, "இங்கே எங்கே வந்தீர்கள்?" என்று கேட்பார்கள். நர்ஸ் உங்கள் மனைவியின் ஊராக இருப்பார். அதற்கு நம் ஊர் மூலமே துணை: "மூலத்துக்குக் காட்ட வந்தேன்" என்று சொல்லுங்கள், யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். இவ்வளவு நாள் நோயை மறைத்த சொல் ஒரு நாளைக்கு உங்களை மறைக்கட்டும். மருத்துவமனைக்குள்ளே உங்கள் விவரத்தைப் பொறுத்தவரை, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி. எய்ட்ஸ் சட்டப்படி, உங்கள் தொற்று நிலையை உங்கள் சம்மதமின்றி வெளியிடுவதும், அதைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பதும் தடை செய்யப்பட்டிருக்கிறது. சட்டத்தில் சில விதிவிலக்குகள் உண்டு. உறவினரின் வாய்க்கு விதிவிலக்கு இல்லை. திருப்பூரே வேண்டாம் என்றால் கோவைக்கோ சேலத்துக்கோ போங்கள். தூரம் போவதில் தவறில்லை, போகாமல் இருப்பதில்தான் தவறு.

உங்கள் மனைவிக்கு உங்கள் நிலை தெரியுமா என்று எழுதவில்லை. அது உங்கள் இருவருக்கும் இடையில் இருப்பது, நான் நுழையவில்லை. ஒன்று மட்டும்: அதே எச்.பி.வி. அவருடைய கருப்பைவாயிலும் இருக்க வாய்ப்பு அதிகம். 30 வயதைக் கடந்த பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கருப்பைவாய்ப் பரிசோதனை இலவசம். எந்தக் காரணமும் சொல்லாமலேயே அவரை அழைத்துப் போகலாம். எல்லாப் பெண்களுக்கும் செய்வதுதான்.

எச்.பி.வி. தடுப்பூசி உங்களுக்கு இப்போது பெரிதாகப் பயன்படாது. ஏற்கெனவே குடியேறிய வைரஸை அது விரட்டாது. உங்கள் பிள்ளைகளுக்கு மிகவும் பயன்படும். சீரம் நிறுவனம் 2023-ல் கொண்டுவந்த செர்வாவாக் 9 முதல் 26 வயதுவரை பெண்களுக்கும் ஆண்களுக்கும் அனுமதிக்கப்பட்டது. 6, 11, 16, 18 ஆகிய நான்கு வகைகளையும் தடுக்கும். 14 வயதுக்குள் என்றால் இரண்டு ஊசி. நம் ஊரில் இதைப் பெண்பிள்ளைக்கான ஊசி என்று மட்டுமே பேசுகிறார்கள். மகனுக்கும் போடுங்கள். அவன் பெரியவனாகி யாரை விரும்பப்போகிறான் என்று இன்று யாருக்கும் தெரியாது, தெரியவும் வேண்டாம். இதைப் படிக்கும் 26 வயதுக்கு உட்பட்ட தம்பிமார்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: 16 முதல் 26 வயதுவரை உள்ள, ஆண்களோடு உறவு வைத்திருக்கும் ஆண்களிடம் நடத்தி 2011-ல் வெளியிட்ட ஆய்வில், முன்பே தொற்று இல்லாதவர்களுக்கு இந்த நான்கு வகைகளால் வரும் முந்தைய நிலையை ஊசி நான்கில் மூன்று பங்குக்கும் மேல் குறைத்தது. பீடி சிகரெட் பழக்கம் இருந்தால் விடுங்கள். இந்தப் புற்றுநோயின் வாய்ப்பை அதுவும் கூட்டுகிறது.

மோசமானதையும் பேசிவிடுவோம். ஒருவேளை புற்றுநோய் என்றே வந்தால்? வயிற்றில் பை வைத்துவிடுவார்கள் என்ற பயத்தாலேயே பலர் வராமல் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் அதுதான் நடந்தது. ஆசனவாயையே வெட்டி எடுத்தார்கள். 1974-ல் அமெரிக்க அறுவைச் சிகிச்சை மருத்துவர் நார்மன் நிக்ரோ, முதலில் மருந்தும் கதிர்வீச்சும் கொடுத்துவிட்டு அறுத்துப் பார்த்தபோது கட்டியே காணாமல் போயிருந்ததைக் கண்டு எழுதினார். அன்றுமுதல் இந்தப் புற்றுநோய்க்குக் கத்தி இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது. இன்று பெரும்பாலோருக்கு ஐந்தாறு வாரக் கதிர்வீச்சும் கூடவே கீமோதெரபியும்தான்; ஆசனவாய் தன் இடத்திலேயே இருக்கும். பரவுமுன் கண்டுபிடித்தவர்களில் 10-க்கு 8 பேர் ஐந்து ஆண்டுகளைக் கடந்து வாழ்கிறார்கள். வேறு உறுப்புகளுக்குப் பரவிய பிறகு என்றால் பாதிப் பேர்கூட இல்லை. சிகிச்சை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வருகிறது. அட்டை இல்லையென்றால் இப்போதே எடுத்து வையுங்கள்.

எல்லாம் சரியாக இருந்து திரும்பினால், அடுத்த ஆண்டும் போக வேண்டும். மறந்துபோகும். பட்டிப் பொங்கல் முடிந்த வாரம் என்று ஏதாவது ஒரு நாளோடு முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். இடையில் குளிக்கும்போது சோப்பு நுரையோடு விரலால் ஆசனவாயைச் சுற்றித் தடவி, கெட்டியாக ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். அரிப்பு, சளி, மலம் மெலிந்து வருதல், அரையில் நெறி, இவற்றில் எது வந்தாலும் பொங்கலுக்குக் காத்திருக்க வேண்டாம்.

இந்த வாரத்துக்குள் ரத்தம் தானாக நின்றுவிட்டாலும் போங்கள். அந்த ஓட்டுநருக்கும் நடுவில் இரண்டு மாதம் நின்றிருந்தது.